சூப்பர் பவுல் எத்தனை மணிக்கு? – தேடுபொறிக்காக எழுதப்படும் உரைநடை பற்றி

2011 பிப்ரவரியில் ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தில் ஒரு குட்டிச் செய்தி வந்தது. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் எத்தனை மணிக்கு ஆரம்பம் என்ற கேள்விதான் தலைப்பு. உள்ளே போனால், அந்தக் கேள்வியை ஜனங்கள் கூகுளில் எப்படியெல்லாம் தட்டித் தேடுகிறார்கள் என்று அந்தச் செய்தியே வரிசையாகச் சொல்லும். இரண்டு சொல்லையும் ஒட்டி ஒரே சொல்லாக அடிப்பவர்களைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து கடைசியில் பதில் வரும்: ஞாயிறு மாலை ஆறரை, கிழக்குக் கடற்கரை நேரப்படி. அவ்வளவுதான் மேட்டர்.

தேடுபொறிக்காக எழுதுவது என்ற தொழிலில் இது ஒரு செவ்வியல் பிரதி. இதைக் கிண்டல் பண்ணியவர்கள் ஏராளம். கிண்டல் பண்ணிய பத்திரிகைகளே பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வியைத் தலைப்பாக வைத்து அதே செய்தியைப் போட ஆரம்பித்தன. போட்டி நடந்த மறுநாள், பிப்ரவரி 7 அன்று, ஏஓஎல் நிறுவனம் ஹஃபிங்டன் போஸ்ட்டை 31.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அந்த விலையில் இந்த மாதிரி எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இலக்கிய விமர்சனத்துக்கு இதையெல்லாமா எடுத்துக்கொள்வாய் என்று கேட்கலாம். ஏன் கூடாது? நாவலைவிடக் கவிதையைவிட இந்த மாதிரி உரைநடையைத்தான் நாம் தினமும் வாசிக்கிறோம். வாசிக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் வாசிக்கிறோம். அதற்கும் கதைசொல்லி உண்டு, உத்தி உண்டு, அது தன் வாசகரைப் பற்றி வைத்திருக்கிற ஒரு கற்பனையும் உண்டு. சூப்பர் பவுல் செய்தியில் அந்த வாசகருக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஊர் கிடையாது. அவர் தட்டச்சு செய்த நாலு சொல் மட்டும்தான் அவர். நீ கேட்டதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், இங்கேயே இரு என்கிறது அந்தச் செய்தி. இதற்கு முன்னால் எந்த உரைநடையும் தன் வாசகரை இவ்வளவு துல்லியமாகவும் இவ்வளவு குறைவாகவும் தெரிந்துவைத்திருந்ததில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தி நேர்மையானது. ஆறரை மணி என்று சொன்னது. கேட்டதற்குப் பதில் இருந்தது. பின்னால் வந்தவை அதைக்கூடச் செய்யவில்லை.

இந்தத் தொழில் முழுக்க லிங்க் என்ற ஒரு பொருளைச் சுற்றித்தான் சுழல்கிறது. அது எப்படி விலைபோகிற சரக்கானது என்பது ஒரு நல்ல கதை. யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். எந்த ஆய்வுக்கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. பல பேர் மேற்கோள் காட்டினால் அந்தக் கட்டுரையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இந்த யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் லிங்க் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர்களுக்கு எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதை வைத்துப் பக்கங்களை வரிசைப்படுத்தினார்கள். 1998இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பில் ஒரு சுவாரசியமான இடம் உண்டு. விளம்பரக் காசில் நடக்கும் தேடுபொறி, தேடுபவரைவிட விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் கூகுள் எந்தக் காசில் நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

லிங்க் என்பது அடிப்படையில் ஒரு கைகாட்டல். ஒருவர் படித்தார், பிடித்தது, இன்னொருவருக்குக் காட்டினார். அதை மதிப்பாக மாற்றிய நாளிலிருந்து கைகாட்டலுக்கும் சந்தை வந்துவிட்டது. காசு கொடுத்து லிங்க் வாங்கினார்கள். யாருமே படிக்காத ஆயிரம் பக்கங்களை உருவாக்கி ஒன்றுக்கொன்று லிங்க் கொடுக்கவைத்தார்கள். 2003வாக்கில் பரிதாபமான தோல்வி என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தேடினால் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கம் முதலில் வரும்படி பல பேர் சேர்ந்து செய்தார்கள்; அது விளையாட்டு. வியாபாரிகள் செய்தது விளையாட்டு இல்லை. 2012இல் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து போலி லிங்க்குகளைத் தண்டித்தது. உடனே தொழிலின் பேச்சு மாறியது. லிங்க்கை வாங்காதே, சம்பாதி. ஜனங்கள் தானாகவே லிங்க் கொடுக்கிற மாதிரி எழுது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த எழுத்தாளரும் மறுக்க முடியாத அறிவுரை. ஆனால் அதை நடைமுறையில் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் டிமாண்ட் மீடியா. இஹௌ என்ற தளத்தை நடத்திய நிறுவனம். எதைப் பற்றி எழுதுவது என்று அங்கே எந்த எழுத்தாளரும் முடிவு செய்யவில்லை, ஆசிரியரும் முடிவு செய்யவில்லை. ஜனங்கள் என்ன தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர்கள் எவ்வளவு கொடுப்பார்கள், அதைப் பற்றி ஏற்கெனவே எத்தனை பக்கம் இருக்கிறது என்று மூன்றையும் ஒரு மென்பொருள் கணக்குப் போடும். லாபம் வரும் என்றால் தலைப்பு பிறக்கும். பிறகுதான் வெளியிலிருந்து ஒருவர் வந்து, கட்டுரைக்கு 15 டாலர் அளவில் வாங்கிக்கொண்டு, அதை நிரப்பிக் கொடுப்பார். அவருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேகம்தான் முக்கியம். பதினைந்து டாலருக்கு எவ்வளவு நேரம் செலவழிக்க முடியும்?

சாதாரணமாக எழுத்து எங்கே தொடங்குகிறது? யாருக்கோ சொல்ல ஒன்று இருக்கிறது, பிறகு அதற்கு ஒரு தலைப்பு, பிறகு அதற்கு ஒரு விலை. இங்கே விலை முதலில், தலைப்பு இரண்டாவது, சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது கடைசி. அந்தக் கட்டுரைகளின் மொழி ஏன் செத்துக்கிடந்தது என்பதற்கு எழுதியவர்களின் திறமைக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. அந்த வரிசையில் யார் எழுதினாலும் அப்படித்தான் வரும். 2011 ஜனவரியில் டிமாண்ட் மீடியா பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து அந்த நிறுவனம் பழைய நிலைக்கு வரவே இல்லை.

அடுத்து வந்தது அப்வொர்த்தி, 2012இல். இது வேறு ரகம். தேடுபொறியை விட்டுவிட்டு ஃபேஸ்புக்கைப் பிடித்தார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்பு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர் 1994இல் ஆர்வம் என்பதைப் பற்றி எழுதியிருந்தார். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் இடையே ஒரு இடைவெளி தட்டுப்பட்டால் மனசு அரிக்கும், அதை நிரப்பாமல் விடாது என்பது அவர் வாதம். அப்வொர்த்தி பாணித் தலைப்புகள் இந்த அரிப்பைத் தயாரிக்கிற யந்திரங்கள். ஒரு சிறுமி மேடை ஏறினாள், அவள் சொன்ன இரண்டாவது வாக்கியம் உங்களை அழவைக்கும் என்ற மாதிரி.

இது ஒன்றும் நமக்குப் புதுசில்லை. பெட்டிக்கடை வாசலில் தொங்குகிற மாலைப் பத்திரிகை வால்போஸ்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிரபல நடிகை திடீர் முடிவு என்று இருக்கும். எந்த நடிகை, என்ன முடிவு என்பது காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான். அதைவிடப் பெரிய உதாரணம் தொடர்கதை. 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வாராவாரம் வந்தபோது ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கதவை அரைகுறையாகத் திறந்துவைத்துவிட்டுத்தான் நின்றது. கல்கியும் அதே அரிப்பைத்தான் உண்டாக்கினார். அப்படியென்றால் அப்வொர்த்தியை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

என் பதில் இது. கல்கி அடுத்த வாரம் வந்தாக வேண்டும். வாசகர் முன்னால் பட்ட கடனை அவர் அடைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வாரம் இதழ் விற்காது. ஆர்வத்தைக் கிளப்புகிறவருக்கும் அதைத் தீர்த்துவைக்கிறவருக்கும் ஒரே முகம். மாலைப் பத்திரிகைகூட நாளைக்கும் அதே பெட்டிக்கடையில்தான் தொங்க வேண்டும். இணையத் தலைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாம் க்ளிக் செய்த நொடியில் அதன் வியாபாரம் முடிந்துபோகிறது. உள்ளே என்ன இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நாளைக்கு நாம் வரவில்லையென்றால் வேறொருவர் வருவார், அவர் யாரென்று இதற்கும் தெரியாது. தொடரும் என்ற சொல் ஒரு வாக்குறுதி. அப்வொர்த்தி பாணித் தலைப்பு அந்த வாக்குறுதியின் இசையை மட்டும் எடுத்துக்கொண்டது. 2014இல் ஃபேஸ்புக் இந்த வகைத் தலைப்புகளைக் கீழே தள்ளத் தொடங்கியதும் யந்திரம் நின்றுபோனது.

தமிழுக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. ஆரம்பகாலத் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே கணினி வைத்திருப்பது ஏதோ ரோமன் எழுத்துக் குவியல். தேடுபொறியால் அதில் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. யூனிகோடு பரவிய பிறகுதான் தமிழில் தேடுவது என்ற காரியமே சாத்தியமானது. 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது. தமிழில் ஒரு பக்கம் எழுதினால் அதில் விளம்பரம் போட்டு காசு பார்க்கலாம் என்று ஆனது. டிமாண்ட் மீடியாவின் கணக்கு நம் மொழியிலும் செல்லுபடியானது அன்றிலிருந்துதான்.

அதன் பலன் ஒரு புதிய தமிழ். எங்கிருந்தும் எடுக்காமல் நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்: சுக்கு காபி நன்மைகள் பற்றி உங்களுக்குத் தெரியுமா? சுக்கு காபி நன்மைகள் ஏராளம். நம் முன்னோர்கள் சுக்கு காபி நன்மைகள் அறிந்து பயன்படுத்தினர். இந்தப் பதிவில் சுக்கு காபி நன்மைகள் என்னென்ன என்று பார்க்கலாம் வாங்க.

சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் இலக்கணமாகப் பாருங்கள், இதில் ஒரு துயரம் இருக்கிறது. தமிழில் சொல் சும்மா நிற்காது. நன்மைகளை, நன்மைகளால், நன்மைகளுக்கு என்று வேற்றுமை ஏறி உருமாறிக்கொண்டே இருக்கும். கீவேர்டு மாறக்கூடாது. தேடியவர் எப்படித் தட்டினாரோ அப்படியே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது தொழில்பாடம். அதனால் எழுதுபவர் உருபைக் கழற்றிவிடுகிறார். நன்மைகளை அறிந்து என்று எழுத வேண்டிய இடத்தில் நன்மைகள் அறிந்து. ஒட்டி ஒட்டி வளர்கிற ஒரு மொழியை, துண்டு துண்டாக அடுக்கி வைக்கிற மொழியாக மாற்றுகிறார்கள். அதோடு இந்த நன்மைகள், பயன்கள், அறிகுறிகள் என்ற பன்மைப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத் தேடலிலிருந்து இறங்கியவை. எங்க ஆச்சி சொல்லியிருந்தால், சுக்குக் காப்பி குடிச்சா தலைபாரம் இறங்கும்னு சொல்லியிருப்பாங்க. குடிச்சா என்ற ஒரே வினையில் நிபந்தனையும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது, யாரோ ஒருவர் உண்மையிலேயே குடித்துப் பார்த்த சூடும் இருக்கிறது. நன்மைகள் என்ற சொல்லில் யாரும் எதையும் குடிக்கவில்லை.

பார்க்கலாம் வாங்க என்பதையும் கவனிக்க வேண்டும். அது பேச்சுமொழியின் உபசாரம். விருந்தாளியைக் கூப்பிடுகிற குரல். ஆனால் வாங்க வாங்க என்று சொல்லிச் சொல்லித் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அடுப்பங்கரை வரைக்கும் நாம் போவதே இல்லை.

இதை எழுதுகிறவர்களைப் பழிக்க எனக்கு மனசு வராது. இந்த இதழை வாசிக்கிற பல பேருக்குப் பகல்வேலை இதுதான் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு வருஷம் ஒரு கன்டென்ட் கம்பெனியில் உட்கார்ந்து நாளைக்கு நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். பிழைப்புக்கு எழுதுவதில் கேவலம் ஒன்றுமில்லை. புதுமைப்பித்தன் தினமணியில் வேலை பார்த்தார். என்ன, அவர் கதை எழுத உட்காரும்போது யாரும் வந்து இந்தச் சொல் ஏழு தடவை வரணும் சார் என்று சொல்லவில்லை. பகல்வேலையின் மொழி இரவுவேலைக்குள் கசிகிறது என்பதுதான் என் பயம். சமீபத்தில் இளம் எழுத்தாளர்கள் எழுதிய சில புத்தக மதிப்புரைகளைப் படித்தபோது, முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவது பத்தியில் வாக்குறுதி, மூன்றாவதில் பார்ப்போம் என்று வந்தது. நாவலைப் பற்றி ஒரு வரி வருவதற்குள் திரையை மூன்று தடவை தள்ள வேண்டியிருந்தது.

சரி, உண்மையிலேயே லிங்க் கிடைத்த தமிழ்ப் பக்கம் எது? எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில்தான் கூகுள் நிறுவனமே பதிவானது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்கப்பாடல்களிலிருந்து பாரதி வரைக்கும் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அந்தப் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அலங்காரம் கிடையாது. ஒரு நீளமான பட்டியல், எண், நூலின் பெயர், ஆசிரியர் பெயர். உங்களை அழவைக்கும் என்று எந்தத் தலைப்பும் சொல்லவில்லை. விக்கிப்பீடியாவில் பழந்தமிழ் நூல் பற்றிய கட்டுரைகளின் அடியில் அது இருக்கும், ஆய்வாளர்களின் அடிக்குறிப்பில் இருக்கும். தேவைப்பட்டவர் கைகாட்ட வேறு வழியில்லை, ஏனென்றால் பொருள் அங்கேதான் இருந்தது. பொருளின் பெயரும் வாசலிலேயே எழுதியிருந்தது.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் எனக்கு நம் இலக்கிய இணைய இதழ்கள் மீது வருத்தம். நம்மிடம் பொருள் இருக்கிறது. வாசலில் பெயர் இல்லை. ஒரு நாவலைப் பற்றி நாலாயிரம் சொல்லில் அருமையாக எழுதியிருப்பார்கள், தலைப்பு கரையும் கோடுகள் என்று இருக்கும். (இதுவும் நான் கற்பனை செய்த தலைப்புதான். ஆனா நம்பிட்டீங்கல்ல?) நாவலின் பெயர் மூன்றாவது பத்தியில் ஒருமுறை வரும், அதற்குப் பிறகு இந்நாவல், இப்படைப்பு. ஆசிரியரின் பெயர் தலைப்பிலும் இருக்காது, முகவரிப் பட்டையிலும் இருக்காது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மாணவி அந்த நாவலைப் படித்துவிட்டு, யாராவது இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்காங்களா என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தேடினால், அவளுக்குக் கிடைப்பது புத்தகம் விற்கிற பக்கமும் கதைச்சுருக்கம் தருகிற பக்கமும்தான். நம் கட்டுரை ஒளிந்துகொண்டிருக்கிறது. கவித்துவமான தலைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழே ஒரு வரி சேர்த்து, யாருடைய எந்த நாவலைப் பற்றி என்று போட்டால் கவித்துவம் ஒன்றும் செத்துவிடாது. அச்சு இதழ்களில் உள்ளடக்கப் பக்கம் அதைச் செய்துகொண்டிருந்தது. இணையத்தில் தேடல்தான் உள்ளடக்கப் பக்கம்.

அதைவிடப் பெரிய குறை, நாம் லிங்க் கொடுப்பதில்லை. கேட்கிறோம், கொடுப்பதில்லை. ஒரு இதழில் வந்த கட்டுரை எங்கோ படித்தேன், ஒரு நண்பர் எழுதியிருந்தார் என்றே இன்னொரு இதழில் குறிப்பிடப்படும். எதிர்த்து எழுதுகிறவர்கள் இன்னும் மோசம், சிலர் சொல்கிறார்கள் என்பார்கள். யார் அந்தச் சிலர்? கைகாட்டினால் அந்த ஆளுக்குக் கூட்டம் போய்விடும் என்ற பயம். கார்ஃபீல்டின் கணக்கும் சரி, பேஜ், பிரின் கணக்கும் சரி, ஒருவர் இன்னொருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் தேடுபொறிக்கு நாம் ஒரு தீவுக்கூட்டமாகத்தான் தெரிவோம். சுக்கு காபிக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஒழுங்காக லிங்க் கொடுத்துக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் நம்மைவிடப் பண்பானவர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ எழுதிய சுருக்கத்தைப் போடத் தொடங்கியது, பிறகு இங்கேயும் வந்துவிட்டது. சூப்பர் பவுல் எத்தனை மணிக்கு என்று இன்றைக்குத் தேடினால் பதில் மேலேயே இருக்கும், யாரும் எந்தப் பக்கத்துக்குள்ளும் போக வேண்டாம். சுக்குக் காப்பிக்கும் அதே கதிதான். ஒரே பதிலில் அடங்குகிற பக்கங்களைச் சுருக்கம் தின்றுவிடும், அதுவும் அந்தப் பக்கங்களிலிருந்தே எடுத்து. ஆனால் ஒரு எழுத்தாளரைத் தேடி வருகிறவருக்கு வேண்டியது ஒற்றைப் பதில் இல்லை. அவருக்கு இன்னொருவருடைய வாசிப்பு வேண்டும், சண்டை போடவாவது வேண்டும். பெயரைத் தட்டித்தான் வருவார்.

அங்கேயும் நமக்கென்று ஒரு சிக்கல் வைத்திருக்கிறோம். மௌனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரத்துக்கென்று யூனிகோடில் தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் ஒற்றைக் கொம்பு போட்டு, ம எழுதி, பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுகிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு மௌனி வேறு ஆள், மெளனி வேறு ஆள். கூகுள் சில சமயம் யூகித்துச் சேர்த்துவிடும். நம் இதழ்களின் சொந்தத் தேடல்பெட்டிகளில் பலவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மௌனியைப் பற்றிப் பத்துக் கட்டுரை இருக்கிற இதழில் தேடினால் நாலுதான் வரும், மீதி ஆறும் ளகரத்துக்குப் பின்னால் இருக்கும். பௌத்தம், கௌரவம், சௌராஷ்டிரம் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். சரிபார்க்க அரைமணி நேரம்கூட ஆகாது. இதழ் நடத்துகிற நண்பர்கள் இந்த வாரம் தங்கள் பழைய பக்கங்களில் மெளனி என்று ளகரத்தோடு ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.